ஆறுமணிக் குருவியும் அஸ்தினாபுரத்து உடும்பும்

கிணற்றுக்குள் உடும்பு வசிப்பது எந்தச் சட்டத்திலும் எந்தப் பிரிவிலும் குற்றமாகச் சொல்லப்படவில்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு எங்கள் தெருவில் நடந்த கூத்தைக் கேட்டுவிட்டு, அந்த உடும்புதான் ஏதோ அக்கிரமம் பண்ணிவிட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அது பரம சாது. அஸ்தினாபுரம் இரண்டாவது குறுக்குத் தெருவின் பொதுக்கிணற்றில், மேலிருந்து நாலாவது உறைக்குப் பக்கத்தில் ஒரு பொந்து. காலை பத்து மணிக்கு அங்கிருந்து வெளியே வந்து கல்லில் உட்காரும். மத்தியானம் ஒரு தூக்கம் போடும். ஐந்து மணி ஆனால் உள்ளே போய்விடும். நடுவில் யாராவது எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் நாக்கை நீட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அரசாங்க உத்தியோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை.

தெருவில் நாற்பது வீடு. எல்லாருக்கும் அந்த ஒரே கிணறு. உடும்பு இருப்பது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. சங்கடம் வந்தது தனம் அக்காவுக்குத்தான். தனம் அக்கா கிணற்றை ஒட்டி ஓலைக் கொட்டகை போட்டு இட்லிக் கடை நடத்துகிறவள். புருஷன் போய் ஆறு வருஷம், மூன்று பெண்கள், அந்தக் கடைதான் சோறு. ஒரு நாள் பத்தரை மணிக்கு டெர்லின் சட்டை போட்ட வாடிக்கைக்காரர் ஒருவர் கை கழுவப் போனவர், கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டார். உடும்பும் மரியாதைக்கு நாக்கை நீட்டியது. மனிதர் சட்னியைக்கூடக் கழுவாமல் ஓடிப் போய், ரயில் ஸ்டேஷன் வரைக்கும் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

"அசரியா, பேஜாராப் பூட்ச்சுப்பா," என்றாள் அக்கா என்னிடம். "நேத்து சுட்ட இட்லிய மாடு துன்னுச்சு. உடும்புத் தண்ணில மாவு கரைக்கிறேன்னு பேசிகினு கீறானுங்க. பீர்க்கன்கரணை ஏரியாண்ட துரைன்னு ஒருத்தன் கீறான், வெறுங்கையால புடிப்பான். நாலு இட்லி குட்த்தா புட்சினு போய் ஏரில வுட்டுடுவான். கூப்புடட்டா?"

அங்கேயே "கூப்பிடுங்க அக்கா" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை கிடையாது. ஆனால் நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அந்த அறுபத்தொன்பதாம் வருஷம் ஆபீஸ் தமிழ் ஊரெங்கும் ஒரு ஜுரமாகப் பரவியிருந்தது. பால்காரரிடம் "நிலுவை" என்றால்தான் கௌரவம், தபால்காரரிடம் "கடிதப் போக்குவரத்து" என்றால்தான் படித்தவன். எங்கள் தெருவில் அந்த ஜுரம் எனக்குத்தான் ஜாஸ்தி. நான் சொன்னேன்:

"அக்கா, பொதுக்கிணறு. கண்டபடி கை வைக்கக் கூடாது. முறைப்படி மனுக் கொடுக்கணும். நான் எழுதித் தரேன்."

அன்றைக்கே எழுதினேன். "மேற்படி கிணற்றில் மேற்படி உயிரினம் மேற்படி பொதுமக்களின் மேற்படி தாகசாந்திக்கு இடையூறாக" என்று ஆரம்பித்தேன். மேற்படி என்று சொல்ல அதற்கு மேலே ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் படிக்கப் படிக்க எனக்கே உடம்பு சிலிர்த்தது. அக்கா கைநாட்டு வைத்தாள்.

கிணறு, குட்டை, ஊருணி நலப் பாதுகாப்பு உபமண்டல அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை சைக்கிள் கடைக்கு மாடியில் இருந்தது. தலைமை எழுத்தர் லாசரஸ். எங்கள் சபைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன் வரிசையில் உட்காருவார், பாட்டுப் புத்தகம் மறந்து வந்தால் என்னுடையதைத்தான் வாங்கிக்கொள்வார்.

"தங்கள் பெயர்?" என்றார்.

"அசரியா, சார். நேத்துகூட சபையில நீங்க..."

"ஆலயம் வேறு, அலுவலகம் வேறு. விஷயம்?"

மனுவை நீட்டினேன். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மேற்படிகளில் அவர் மனம் இளகியதை நான் கவனித்தேன். ஆனால் உடும்பு என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"கிணற்றில் விழுந்த குடத்துக்கு முன்மாதிரி இருக்கிறது," என்றார். "வாளிக்கு இருக்கிறது. ஒரு தடவை பல் செட் ஒன்றுக்கு இருக்கிறது. உடும்புக்கு இல்லை. உயிருள்ள எதற்குமே இல்லை. முன்மாதிரி இல்லாமல் ஒரு துரும்பை நகர்த்தினால் தணிக்கையில் என் பென்ஷன் போய்விடும்."

"அப்ப என்ன சார் செய்றது?"

"மனுப் பெறப்பட்டுவிட்டது. பெறப்பட்டதால் பிரச்சினை இருப்பது அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் சும்மா இருக்க முடியாது. நடவடிக்கை எடுக்கவும் முடியாது. ஆகவே முடிவு தெரியும்வரை கிணற்றை மூடிவிடுவோம். கிணற்றை மூடுவதற்கு முன்மாதிரி ஏராளமாக இருக்கிறது."

மறுநாள் காலை இரண்டு ஆட்கள் வந்து கைப்பிடிச் சுவருக்கு உட்புறம், தரைமட்டத்தில், கிணற்றின் வாயில் பலகை அடித்து, சங்கிலி போட்டு, அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். நாற்பது வீட்டுக் குடமும் வரிசையாக நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தனம் அக்கா மட்டும் பார்க்கவில்லை. அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள், அதுவும் அவள் வீட்டில் இருந்த கடைசிச் செம்புத் தண்ணீர். குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துக் குழாய்வரை நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தால் குடிக்கத்தான் ஆகும், மாவு கரைக்க ஆகாது. கடை சாத்தியாகிவிட்டது.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. போனேன். லாசரஸ் முகத்தில் ஒரு தேஜஸ். மேசைமேல் தூசு தட்டிய ஒரு கோப்பு.

"கிடைத்துவிட்டது," என்றார். "உயிருள்ளதற்கு முன்மாதிரி. இந்த அலுவலகம் தன் சரித்திரத்தில் முழுமையாக முடித்து வைத்த ஒரே கோப்பு." எழுந்து நின்று வாசித்தார்: "அறுபத்துமூன்றாம் வருடம் அக்டோபர் மாதம் இருபத்துநான்காம் தேதி மாலை, பொதுமக்களால் ஆறுமணிக் குருவி என அழைக்கப்படும் சிறு காட்டுப் பறவை ஒன்று, வடதிசையிலிருந்து பறந்து வந்த களைப்பில், முன் அனுமதியின்றி அலுவலர் அறைக்குள் பிரவேசித்து மேசைமீது அமர்ந்தது. அலுவலர் எழுந்தார். குருவி எழவில்லை. அலுவலர், அறைக்குள் இருந்தபடியே, குருவியைத் தம் கைக்குட்டையில் ஏந்தி, கம்பி போட்ட ஜன்னல் வழியாக மேல்நோக்கி வீசினார். குருவி பறந்து சென்றது. கோப்பு முடிக்கப்பட்டது."

"சார், இது குருவியாச்சே."

"அதனால்தான் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டும். உடும்பும் குருவியும் சாராம்சத்தில் ஒன்றே என்று நிரூபித்துவிட்டால், குருவிக்குப் பொருந்தியது உடும்புக்கும் பொருந்தும். அய்யா உங்களை உள்ளே கூப்பிடுகிறார். மனுவின் தமிழ் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது."

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமைதான். என் லட்சணம் அது.

உபமண்டல அலுவலர் சாம்பசிவன் சித்திரை வெயிலில் டெர்லின் கோட்டு போட்டிருந்தார். கன்னத்தில் பாதிவரைக்கும் கிருதா. அந்த வருஷம் பெரிய மனிதர்கள் எல்லாரும் அப்படித்தான் வெந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரிய காகிதத்தில் இரண்டு பத்தி கோடு போட்டு வைத்திருந்தார். இடது பக்கம் குருவி, வலது பக்கம் உடும்பு.

"முட்டை," என்றார்.

"இரண்டும் இடும், சார்," என்றேன்.

"பிரமாதம். உணவு?"

"ரெண்டும் பூச்சி, புழு தின்னும்."

"அபாரம். கால்?"

குருவிக்கு இரண்டு, உடும்புக்கு நாலு. லாசரஸ் பேனாவை மூடி வைத்துவிட்டார். தனம் அக்காவின் அணைந்த அடுப்பு எனக்கு ஞாபகம் வந்தது. என்ன வேகத்தில் சொன்னேனோ தெரியாது, சொல்லிவிட்டேன்:

"சார், குருவிக்கு ரெண்டு கால், ரெண்டு இறக்கை. மொத்தம் நாலு. உடும்புக்கு நாலு கால், இறக்கை இல்லை. அதுவும் மொத்தம் நாலு."

சாம்பசிவன் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "இருபத்துநாலு வருஷ சர்வீஸில் கூட்டல் இவ்வளவு நேராக வந்து நான் பார்த்ததில்லை," என்றார்.

அப்புறம் மடமடவென்று ஓடியது. குருவி உள்ளங்கையளவு, உடும்பு ஒரு கஜத்துக்கு மேல். "குருவியைக் கிட்டத்திலிருந்தும் உடும்பைத் தூரத்திலிருந்தும் பார்த்தால் சமம்" என்று எழுதப்பட்டது. குருவிக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று ஒன்பது வர்ணம். உடும்புக்கு மண் வர்ணம் ஒன்றுதான். "ஒன்பதுக்குள் ஒன்று அடக்கம்" என்று எழுதப்பட்டது. குருவி வடக்கேயிருந்து வந்தது. உடும்பு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. "வடக்கேயிருந்து வரவில்லை என்பதற்கு ஆதாரம் இல்லை."

கடைசியில் ஒரு இடத்தில் வண்டி நின்றது. ஆறுமணிக் குருவிக்கு அந்தப் பெயரே அது காலையும் மாலையும் ஆறு மணி சுமாருக்குக் கூவுவதால் வந்தது. உடும்பு கூவுமா?

"பதினைந்து நாள் நேரில் கண்காணித்து அறிக்கை தரவும்," என்றார் சாம்பசிவன்.

பதினைந்து நாளும் காலை ஆறு, மாலை ஆறு, லாசரஸும் நானும் கிணற்றடியில். பலகை இடுக்கில் காதை வைத்துக்கொண்டு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆபீஸ் நேரம் முடிந்து உடும்பு பொந்துக்குள் போயிருக்கும். தனம் அக்கா காலிக் கொட்டகையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னா கேக்குது?" என்றாள் ஒரு நாள்.

"ஒண்ணும் கேக்கலை அக்கா."

"எனக்குக் கேக்குது. என் பொண்ணுங்க வயிறு கத்துது. அத்த எழுதிக்கோ."

லாசரஸ் நோட்டைத் திறந்து, "ஆறு பத்துக்கு இதர சத்தம்" என்று எழுதிக்கொண்டார். எனக்கு அவரை உதைக்கலாம்போல இருந்தது. அப்புறம் என்னை உதைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அறிக்கையைப் பார்த்த சாம்பசிவன் கலங்கவே இல்லை. "கூவவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? உங்களுக்குக் கேட்கவில்லை என்றுதான் சொல்ல முடியும். 'கூவியிருக்கக்கூடும்' என்று போடுங்கள்."

விஷயம் ரயில்வரை பரவிவிட்டது. தாம்பரம் பீச் எலெக்ட்ரிக் வண்டியில் எல்லார் கையிலும் இரண்டு பத்தி போட்ட காகிதம். மோஸ்தர் என்று வந்துவிட்டால் நம் ஜனங்களைக் கேட்க வேண்டுமா? ஒருவர் பழைய வீட்டுக்காரனுக்கும் புது வீட்டுக்காரனுக்கும் பட்டியல் போட்டார். இன்னொருவர் மகனுக்கு வந்த இரண்டு ஜாதகத்தைத் தள்ளிவிட்டு, பெண்களுக்குப் பத்தி போட்டு, கடைசியில் இரண்டும் மொத்தத்தில் சமமாக வந்துவிட்டதால் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார். மீனம்பாக்கத்தில் ஏறுகிற ஒரு டிக்கெட் பரிசோதகர், சீசன் டிக்கெட்டுக்கும் டிக்கெட் இல்லாதவனுக்கும் பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நாள் லீவு போட்டார். இதற்கெல்லாம் மூலபுருஷன் நான் என்று தெரிந்ததும் எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் தனம் அக்கா. "தம்பி, மாவரைக்கிற கல்ல வித்துட்டேன்," என்றாள். "அடுத்து பாத்திரம். அப்பாலிக்கு கடை இல்ல."

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனேன்.

"உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் சார்," என்றேன். "மனுவை வாபஸ் வாங்கிக்கிறோம். கிணற்றைத் திறந்துவிடுங்க. உடும்பு அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

லாசரஸ் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "வாபஸ் வாங்கியதற்கு முன்மாதிரி இல்லையே, அசரியா," என்றார். அலுவலகத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "கொடுத்தவர்கள் உண்டு. செத்தவர்கள் உண்டு. வாபஸ் வாங்கியவர்கள் இல்லை."

"சாரு," என்றாள் அக்கா, "அந்தக் கோப்ப என்கிட்ட குடு. அடுப்பெரிக்க ஆவும்."

ஆனால் நல்ல செய்தி ஒன்று இருந்தது. ஒப்பீட்டுப் பட்டியல் அங்கீகாரமாகிவிட்டது. உடும்பு இனிமேல் காகிதத்தில் குருவிக்குச் சமம். குருவியை அகற்றிய முறைப்படியே உடும்பையும் அகற்றலாம். அதாவது, அலுவலர் அறைக்குள் இருந்துகொண்டு, கைக்குட்டையில் ஏந்தி, கம்பி போட்ட ஜன்னல் வழியாக, மேல்நோக்கி.

"கிணத்துக்கு ஏது சார் ஜன்னல்?" என்றேன்.

"வைத்துவிடுவோம்," என்றார் லாசரஸ்.

வைத்தார்கள். கொத்தனார் வந்து கிணற்றின் கைப்பிடிச் சுவரை இடித்து, தேக்கு மரச் சட்டம் பதித்து, நீலப் பெயிண்ட் அடித்த இரண்டு கதவும், குறுக்கே ஐந்து இரும்புக் கம்பியும் வைத்தார். "கம்பி வழியா குருவி போகும். உடும்பு எப்படிங்க போகும்?" என்று அவர் கேட்டார். "அது உடும்பின் பொறுப்பு," என்று பதில் வந்தது.

இரண்டாம் நாள் உளிச் சத்தம் தாங்காமல், காலை பதினோரு மணிக்கு, வேலை நேரத்திலேயே, உடும்பு வெளியே வந்தது. பலகை இடுக்கில் நெளிந்து, சுவர்மேல் ஏறி, தெருவில் இறங்கி, நாற்பது வீட்டு ஜனமும் வாயைப் பிளந்து பார்க்க, நிதானமாகத் திருநீர்மலைப் பக்கம் நடந்து போய்விட்டது. ஒரு பைசா செலவில்லை, ஒரு கையெழுத்து இல்லை. தனம் அக்கா கும்பிட்டாள். நான் ஸ்தோத்திரம் பண்ணினேன். பாத்திரத்தை விற்கப் போட்டிருந்த கோணியிலிருந்து அவள் இட்லிக் கொப்பரையை வெளியே எடுத்து வைத்தாள்.

லாசரஸ் வந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"போய்விட்டதா? அகற்றப்பட வேண்டிய உயிரினம் ஆஜரில் இல்லாமல் அகற்றுவது எப்படி? அகற்றாமல் கோப்பை முடிப்பது எப்படி? கோப்பு முடியாமல் கிணற்றைத் திறப்பது எப்படி?"

"அதான் பூட்ச்சே சார்," என்றாள் அக்கா.

"போனது வேறு, அகற்றப்பட்டது வேறு, அம்மா. இது தலைமறைவு."

விடிவு ஒன்றுதான். கிணற்றில் உடும்பு இல்லாததால் கிணற்றைத் திறக்க முடியாது. திறக்க வேண்டுமானால் உடும்பைக் கொண்டுவந்து போட வேண்டும். அதுவும் தனி ஆள் கொண்டுவந்தால் செல்லாது, பதிவு பெற்ற அமைப்பு ஒன்று ஒப்படைக்க வேண்டும். ஒரே வாரத்தில் 'இரண்டாவது குறுக்குத் தெரு கிணற்று நீர் உரிமையாளர் நலச் சங்கம்' உதயமாயிற்று. செயலாளர் நான். ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். வட்டமானது.

துரைக்கு ஆள் போயிற்று. மறுநாள் தோளில் கோணியோடு வந்து இறங்கினான்.

"உடும்பு வோணாம்னு புடிக்கச் சொல்லுவாங்க," என்றான். "வோணும்னு புடிக்கச் சொன்னது நீங்கதான். இன்னா தெருங்க இது?"

அகற்று விழாவுக்குப் பந்தல் போட்டோம். ஒலிபெருக்கி வைத்தோம். சாம்பசிவன் கோட்டும் கிருதாவுமாக ஜீப்பில் வந்து இறங்கி, மாலை வாங்கிக்கொண்டு, குருவிக் கோப்பை ஒரு தடவை படித்துப் பார்த்தார். அலுவலர் அறைக்குள் இருந்தபடி என்று இருக்கிறது. அறை எது? கைப்பிடிச் சுவருக்கு உட்புறம்தான் அறை. ஆகவே இரண்டு பேர் கைகொடுத்து அவரைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம், கிணற்றை மூடியிருந்த பலகைமேல் இறக்கினார்கள். ஜன்னல் தாழ்வாக இருந்ததால் குந்தி உட்கார்ந்தார். துரை கோணியை அவிழ்த்து உடும்பை நீட்டினான். அவர் தம் கைக்குட்டையை விரித்து வாங்கினார். கைக்குட்டை உடும்பின் வயிற்றுக்கு ஒரு பொட்டளவு இருந்தது. வாலைத் துரை பிடித்துக்கொள்ள, "விடு, இது அரசாங்க வேலை," என்று அவர் அதட்ட, துரை விட்டுவிட்டான்.

"மேல்நோக்கி," என்று லாசரஸ் நினைவுபடுத்தினார்.

சாம்பசிவன் மேல்நோக்கி வீசினார். உடும்பு கம்பியில் மோதியது. ஐந்து கம்பியையும் ஒரு தரம் பார்த்தது. திரும்பி வந்து அவர் கோட்டின் தோளில் நாலு காலையும் ஊன்றி, முதுகுக்கு இறங்கி, அப்படியே பிடித்துக்கொண்டது.

உடும்புப் பிடி என்று எல்லாரும் வாயால் சொல்லுகிறோம். நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். டெர்லின் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. மனிதர் சுவாசிக்கவே பயந்துபோய், உதட்டை மட்டும் அசைத்தார்.

"லாசரஸ். எடும்."

லாசரஸ் ஓர் அடி முன்னால் வந்தார். நின்றார். கோப்பைப் புரட்டினார். "அய்யா," என்றார், அழுதுவிடுவார்போல இருந்தது, "மேசையிலிருந்து எடுத்ததற்குத்தான் இருக்கிறது. அலுவலரின் முதுகிலிருந்து எடுத்ததற்கு முன்மாதிரி இல்லை."

"யோவ், நான் சொல்கிறேன், எடும்."

"வாய்மொழி உத்தரவு செல்லாது என்று போன மாதம் அய்யாதான் சுற்றறிக்கை விட்டீர்கள். மேசையையும் முதுகையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் போட்டுவிட்டால்..."

ஒலிபெருக்கி திறந்திருந்தது. இந்தச் சம்பாஷணை முழுவதும் அஸ்தினாபுரம் முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், அப்புறம் பந்தலே குலுங்கியது. எனக்கு வயிறு வலித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தனம் அக்கா சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு எதிரே போய் நின்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள்.

"சாரு, துரை ஒரு நிமிசத்துல எடுத்துடுவான். அதுக்கு முன்மாதிரி அவன்கிட்ட நூறு கீது. நீ கையெழுத்துப் போடு."

"எதுக்கம்மா?"

"கிணத்தத் தொறக்க. நாப்பத்திமூணு நாளா என் அடுப்பு எரியல."

"அகற்றிய பிறகுதான் அம்மா திறக்க முடியும். விதி."

"அப்பச் சரி," என்றாள் அக்கா. "துரை, வா, காபி சாப்டலாம்."

துரை கோணியை மடித்துக்கொண்டான். உடும்பு ஒரு நகத்தை இடம் மாற்றி வைத்தது. அவ்வளவுதான்.

"பேனா," என்றார் சாம்பசிவன்.

முழங்காலில் கோப்பை வைத்து, வால் குறுக்கே விழுந்த இடத்தை நகர்த்தி நகர்த்தி, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். "உயிரினம் அகற்றப்பட்டது. பறந்து சென்றது. கோப்பு முடிக்கப்பட்டது." துரை ஈரக்கோணியை உடும்பின் தலையில் போட்டான். வெளிச்சம் மறைந்ததும் பிடி தானாகத் தளர்ந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தான். கோட்டின் முதுகுப் பாகமும் கூடவே போயிற்று.

அரக்கை உடைத்துப் பலகையைத் தூக்கிய மறுகணம் தனம் அக்கா வாளியை இறக்கினாள். ராட்டினம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் கேட்டுச் சந்தோஷத்தில் நான் கைதட்டிவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முதல் வாளியை அவள் அப்படியே லாசரஸ் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். குடித்தார். மறுவாரம் கடை திறந்தது. உடும்பு பறந்து போன கிணற்றுத் தண்ணீர் என்று பேர் பரவி, பல்லாவரத்திலிருந்தெல்லாம் இட்லிக்கு ஆள் வந்தது. மாவரைக்கிற கல்லை அக்கா திரும்ப வாங்கிவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வைகாசிக் கடைசியில் மூன்றாவது குறுக்குத் தெருக் கிணறு வற்றிவிட்டது. அந்தத் தெரு ஞானம்மாள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பித்தளைக் குடத்தோடு எங்கள் கிணற்றடிக்கு வந்தாள். "ஒரே ஒரு குடம், அண்ணா. புள்ளைக்குக் கஞ்சி வைக்கணும்," என்றாள்.

எனக்கென்ன, கொடுத்திருப்பேன். ஆனால் சங்கம் என்று ஒன்று இருக்கிறதே. அவசரக் கூட்டம் கூட்டினேன். நாற்பது வீடும் வந்தது. வேற்றுத் தெருக்காரர் இதற்கு முன் இந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்ததாக எழுத்துமூலமாக ஏதாவது உண்டா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இல்லை. இரண்டாவது தெருவையும் மூன்றாவது தெருவையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். கை தூக்கச் சொன்னேன். முதலில் தூக்கியது தனம் அக்கா. கடையில் கூட்டம் ஜாஸ்தி, அவளுக்கு நாளைக்கு இருபது குடம் வேண்டியிருந்தது.

ஞானம்மாளின் குழந்தை குடத்தின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, நல்ல தமிழில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்: பொருள் பரிசீலனையில் இருப்பதால், முடிவு தெரியும்வரை மேற்படி குடத்தைச் சங்கத்தின் பாதுகாப்பில் வைத்துக்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வட்ட ஸ்டாம்பை வைத்தேன். குடத்தை வாங்கி என் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.